பொய் சொன்ன சென்சார்

அப்பாவோட காரை வித்துடலாம்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டேன். 2006-ல் அவர் ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கிய பெட்ரோல் வண்டி. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் மருந்துக்கடையில் பத்து நிமிஷம் நிறுத்தினால் போச்சு. செல்ஃப் சுத்திக்கிட்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது.

போன ஏப்ரலில் ஒரு மத்தியானம் அப்படித்தான். கோவை வெயில். பின் சீட்டில், பைபாஸ் முடிந்து ரெண்டே மாசமான அப்பா. சட்டை நனைஞ்சு நெஞ்சில் ஒட்டியிருக்கு. "பரவால்ல கண்ணு, பதறாத" என்கிறார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் பதறியது.

ஸ்டாண்டிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் வந்தார். "ஏனுங்க, ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கிட்டு செல்ஃப் அடிங்க." அடித்தேன். கரும்புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது.

ஒர்க்‌ஷாப்பில் ஃபியூயல் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்றார்கள். ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் உறைத்தது. பம்ப் போனால் பெட்ரோல் பத்தாமல் அல்லவா போகணும்? நம்ம வண்டியில் அதிகமாயிருக்கு! ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கி செல்ஃப் அடித்தால் நிறைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அதனால்தான் பிடித்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி. மைலேஜும் 14-லிருந்து 10-க்கு இறங்கியிருந்தது.

சூடான இன்ஜினுக்கு யாரோ சோக் போட்டு வைத்த மாதிரி. அந்த 'யாரோ' கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் என்று சந்தேகம் வந்தாலும் நம்ப முடியவில்லை. டேஷ்போர்டில் முள் ஒழுங்காக நடுவில் நிற்கிறது, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. (அப்புறம்தான் தெரிந்தது, இந்த வண்டியில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொன்று. ரேடியேட்டர் ஃபேனுக்கும் தனி சுவிட்ச். நல்லவேளை, இல்லாவிட்டால் இன்ஜினே வெந்திருக்கும்.)

ஃபோனில் பார்க்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை நண்பனிடம் வாங்கிவந்து, விடியற்காலை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் உள்ளே போகும் காற்றும் கூலன்ட்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கணும். காற்று 27 டிகிரி. கூலன்ட் 17! கோவையில், ஏப்ரலில்! அரை மணி ஓட்டிவிட்டுப் பார்த்தால் 40-க்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டால் கை பொத்துப்போகும்.

சென்சாரே கோளாறா, ஒயரா? சாக்கெட்டைப் பிடுங்கினேன், மைனஸ் 40 காட்டியது. சாக்கெட்டின் ரெண்டு பின்னையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்தேன், உச்சத்துக்குப் போனது. அப்போ ஒயரும் கம்ப்யூட்டரும் சுத்தம்.

இன்ஜின் முழுசா ஆறியபிறகு சென்சாரைக் கழற்றி, அம்மாவிடம் திட்டு வாங்கி ஒரு பழைய பாத்திரத்தில் வெந்நீர் வைத்தேன். உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையணும். இந்த ரகத்துக்கு 20 டிகிரியில் 2,500 ஓம் பக்கம், 80 டிகிரியில் 320 பக்கம் (வண்டிக்கு வண்டி மாறும், உங்க வண்டிக்கு மேனுவலைப் பாருங்க). என்னுடையது 80 டிகிரி தண்ணீரில் 1,200 ஓம். 40 டிகிரிக்கு உரிய ரெசிஸ்டன்ஸ் அது. ஒயர் அறுந்திருந்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து விளக்கைப் போட்டிருக்கும். 40 என்பது நடக்கக்கூடிய சூடுதானே, அதுவும் நம்பிவிட்டது.

புது சென்சார் 450 ரூபாய். மாட்டி, கூலன்ட் ஊற்றி, காற்று எடுத்தேன். மறுநாள் காலை காற்று 27, கூலன்ட் 27. ஓட்டியதும் 88-ல் போய் நின்றது.

அடுத்த செக்கப் முடிந்து வரும்போது அதே மருந்துக்கடையில் வேணும்னே பதினைந்து நிமிஷம் நிறுத்தினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பார்க்கிறேன், அப்பா முன் சீட்டை ரெண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ போ கண்ணு" என்றார்.