தகவலாளி 17

2025 ஜூன் மாதம் கொல்லங்குடி கருப்பாயி இறந்துபோனார். வயது 99. சிவகங்கைச் சீமையில் வயல்வேலை செய்தபடி சொந்தமாகப் பாட்டுக் கட்டியவர். வானொலியில் பாடியவர். 1985இல் வந்த ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்த பிறகுதான் தமிழ்நாடு முழுக்க அவர் முகம் தெரிந்தது. 1993இல் கலைமாமணி விருது பெற்றார்.

வகுப்பில் அவரைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “சினிமாவுக்கு வரலைன்னா அவங்க பேரு நமக்குத் தெரிஞ்சிருக்குமா மேம்?”

அதற்கான பதில் என் வீட்டு அலமாரியில் இருந்தது. இருபது வருடங்களுக்கு முன் நான் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு. அதன் பின்னிணைப்பில் இப்படி இருக்கிறது: ‘தகவலாளி 17. பெண். வயது சுமார் 55. கல்வி இல்லை. ஊர்: பெரக்கரை நாடு, கொல்லிமலை.’

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய் அவரைப் பார்த்தேன். ஆயா என்றுதான் கூப்பிட்டேன். சாமை குத்திக்கொண்டே பாடினார். உலக்கை விழும் இடத்தில் சொல்லும் விழுந்தது. மூன்று ஒலிநாடாக்கள் நிறையப் பதிந்துகொண்டு இறங்கிவிட்டேன்.

அதே ஆய்வேட்டில் சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவைக்குத் தனி இயல் ஒதுக்கியிருந்தேன். காற்றுக்கும் மழைக்கும் இடிக்கும் அழகு கெடாமல் நிற்கிற பாவை அது. பேசாத பாவைக்கு ஓர் இயல். பாடிய பெண்ணுக்கு ஓர் எண். ஒரு பெண்தான் இதைச் செய்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அடுத்து வந்த விடுமுறையில் மறுபடி மலை ஏறினேன். சாமை விளைந்த சரிவுகளில் இப்போது குச்சிக்கிழங்கு. ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பாட்டைக் கேட்டேன்.

“ஒரலே இல்ல, பாட்டு எங்கிருந்து வரும்?”

எவ்வளவு பெரிய இழப்பு என்றேன். தோளைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

“மாவு மிசினு வந்தன்னிக்கு நான் தேங்கா ஒடச்சேன் கண்ணு. குத்திக் குத்தித் தோள்பட்டை போச்சு. பாட்டு உனக்கு நல்லாருந்துச்சு. எனக்கு வலி தெரியாம இருக்கப் பாடுனது.”

ஆய்வேட்டில் அந்தப் பாட்டின் ஓசை நயம் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் தோளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கிளம்பும்போது பெயரைக் கேட்டேன். சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“அன்னிக்கே கேட்டிருக்கணும். இப்ப எதுக்கு? நீ தெரிஞ்சு வச்சுக்க, போதும்.”

அதனால் இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. அன்றைக்கு அது என் அலட்சியம். இன்றைக்கு அவர் முடிவு.