டிடிபி.பேனிக் = 0: நான் எழுதிய சஸ்பென்ஸ் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு கெர்னல் டீபக்கரோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எல்லாம் அப்பா கடையால் வந்த வினை :)

பில் போடும் கம்ப்யூட்டரின் கணக்குகளை ராத்திரி நகல் எடுத்து வைக்க, ஒரு பழைய பெட்டியில் ஓப்பன்பிஎஸ்டி போட்டுக் கொடுத்தேன். 1995-ல் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்து வந்த யூனிக்ஸ் வகைச் சிஸ்டம் அது. மானிட்டர் கிடையாது, கல்லாவுக்குக் கீழே கிடக்கும்.

ஒரு மாதத்தில் பெட்டி மூச்சுப் பேச்சில்லாமல் நின்றுவிட்டது. மானிட்டரை மாட்டிப் பார்த்தால் "டிடிபி>" என்று ஒரே ஒரு வரி. சமாளிக்க முடியாத பிழை வந்தால் கெர்னல் 'பேனிக்' ஆகும். அப்போது ஓப்பன்பிஎஸ்டி தானாக ரீபூட் ஆகாமல், டீபக்கரைத் திறந்துவைத்து நமக்காகக் காத்திருக்கும். அங்கே 'ட்ரேஸ்' என்று அடித்தால் எந்த வழியாக வந்து விழுந்தது என்று சொல்லும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. "இதை நம்பியாடா கணக்கை வைக்கிறது?" என்றார் அப்பா.

ரோஷத்தில் தேடி, சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பில் டிடிபி.பேனிக்=0 என்று எழுதினேன். இனி பேனிக் ஆனால் தானே ரீபூட் ஆகிவிடும். பெட்டி நிற்கவே இல்லை. அப்பாவுக்கும் சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து ஒரு பழைய பில்லை எடுக்கப் போனால் நகல் பாதியில் அறுந்து கிடக்கிறது. 'லாஸ்ட் ரீபூட்' கொடுத்துப் பார்த்தேன். பெட்டி பல ராத்திரிகள் விழுந்து எழுந்திருக்கிறது. அசல் கணக்கு பத்திரமாக இருந்ததால் தப்பித்தேன்.

டிரையல் பேலன்ஸ் ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம் இல்லையா? போடுவது தப்பில்லை. அப்புறம் பிழையைத் தேடாமல் விடுவதுதான் தப்பு. நான் செய்தது அதுதான். 0 வைத்தாலும் கெர்னல் தன் நினைவகத்தை ஸ்வாப்பில் கொட்டிவிட்டுத்தான் ரீபூட் ஆகும். அடுத்த பூட்டில் 'சேவ்கோர்' அதை எடுத்து வார்/கிராஷ் அடைவில் வைக்கும். நானோ ரேமைவிடச் சின்னதாக ஸ்வாப் வைத்திருந்தேன். தடயமே மிஞ்சவில்லை.

சரி, மறுபடி 1 ஆக்கலாம் என்றால் ரூட்டாக இருந்தும் அனுமதி இல்லை! செக்யூர்லெவல் 0-க்கு மேல் போய்விட்டால் இந்த எண்ணைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. டீபக்கருக்குள் புகுந்தவர் கெர்னலையே மாற்றலாம் என்பதால் இந்தப் பூட்டு. கோப்பில் மாற்றி ரீபூட் செய்த பிறகுதான் வழிக்கு வந்தது.

இந்தத் தடவை மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றவில்லை. மூன்று பேனிக், மூன்று ட்ரேஸ், மூன்றும் வேறு வேறு இடம். நிரல் பிழை என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழும். இப்படி ஊர் சுற்றினால் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். ரேமை மாற்றினேன். அதற்குப் பிறகு "டிடிபி>" வரவில்லை.

ஆள் இல்லாத இடத்தில் 0 வையுங்கள், ஆனால் ஸ்வாப்பைப் பெரிதாக வையுங்கள். பக்கத்திலேயே இருப்பீர்கள் என்றால் 1-ஐத் தொடாதீர்கள். அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நின்னப்பவே கேட்டிருக்கலாம்ல, ஏன் நின்னேன்னு" என்றார். என்னைச் சொன்னாரா, பெட்டியைச் சொன்னாரா தெரியவில்லை.