தூங்குவதற்கும் ஒரு தீர்ப்பு

டார்ட்மூரில் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்கி நடப்பதென்றால் மூன்று அட்டவணைகளை மேசையில் விரித்து வைக்க வேண்டும். ஒன்று ரயில் நேரம். மற்றது வானிலை. மூன்றாவது, பிரித்தானிய இராணுவம் அங்கே சுட்டுப் பழகும் நாட்கள். மூன்றும் ஒத்துவருகிற சனி ஞாயிறு கிடைப்பது, ஆவணியில் கல்யாண மண்டபம் கிடைப்பது போல.

இந்தத் திட்டத்தைத் தொடங்கியவன் அக்காவின் மகன். லண்டனில் பிறந்தவன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் எடின்பரோ கோமகன் விருதுக்காக முதுகில் மூட்டையோடு மேடு பள்ளமெல்லாம் நடந்து பழகியவன். எனக்கு நடக்கப் பிடிக்கும். கார் ஓட்டத் தெரியாது. இங்கிலாந்தில் இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால் கஷ்டம். மேட்டுநிலங்களைப் பற்றிய வழிகாட்டி நூல்களில் பாதி, வாகன நிறுத்துமிடத்திலிருந்துதான் தொடங்கும். அந்த நிறுத்துமிடத்துக்கு எப்படி வருவது என்பதில் எழுதினவருக்கு அக்கறை இல்லை.

“மாமா, ஓக்ஹாம்ப்டனுக்கு ட்ரெயின் திரும்ப வந்திட்டுது. ஸ்டேஷனில இறங்கி அப்படியே ஏறலாம்” என்றான்.

உண்மைதான். எக்ஸிட்டரிலிருந்து ஓக்ஹாம்ப்டனுக்கு இருந்த வழக்கமான பயணிகள் ரயிலை 1972-இல் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தை மட்டும் பிடுங்கவில்லை. காரணம், அடுத்திருக்கும் மெல்டன் கற்குழி. ரயில்பாதைகளுக்குச் சல்லிக்கல் அங்கிருந்து போய்க்கொண்டிருந்தது. கல்லுக்காகத் தப்பிய பாதையில், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 2021 நவம்பரில் மறுபடியும் மனிதர்களை ஏற்றத் தொடங்கினார்கள். பேடிங்டனில் ஏறி எக்ஸிட்டர் செயின்ட் டேவிட்ஸில் மாறினால், அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் ஓக்ஹாம்ப்டன். நிலையம் ஊருக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. ஊர்க்காரருக்கு அது தொல்லையாக இருக்கலாம். முதுகில் சுமையோடு வருகிறவனுக்கு ஏற்றத்தில் கொஞ்சம் மிச்சம்.

அடுத்து, படுக்கலாமா என்ற கேள்வி. இங்கிலாந்தில் கண்ட இடத்தில் கூடாரம் போட முடியாது. நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான இடங்களில் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. இங்கிலாந்தில் அப்படிச் சட்ட உரிமையோடு படுக்கக்கூடிய மேட்டுநிலம் டார்ட்மூர் ஒன்றுதான். அதற்கும் ஆபத்து வந்தது. டார்ட்மூரின் பொதுநிலங்களில் காலாலோ குதிரையிலோ சென்று ‘திறந்தவெளிப் பொழுதுபோக்கில்’ ஈடுபடலாம் என்கிறது 1985-ஆம் ஆண்டுச் சட்டம். தெற்கு டார்ட்மூரில் பெருநிலம் வாங்கிய அலெக்சாண்டர் டார்வால் என்ற முதலீட்டாளரும் அவரது மனைவியும் நீதிமன்றம் போனார்கள். தூங்குவது பொழுதுபோக்கா என்பதுதான் வழக்கு.

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இல்லை என்றது. நடப்பதுதான் பொழுதுபோக்கு, கூடாரத்தில் உறங்குவது மறுநாள் நடப்பதற்கான வசதி மட்டுமே என்பது தர்க்கம். ஆயிரக்கணக்கானோர் மேட்டில் கூடி எதிர்ப்புக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதிசெய்தது: டார்ட்மூரில் படுத்துறங்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் என் மாமனார் அனுபவிக்கும் தூக்கத்தை ஒருமுறை பார்த்திருந்தால் முதல் தீர்ப்பே வேறு மாதிரி வந்திருக்கும்.

எனக்கு இந்த வழக்கில் வியப்பாக இருந்தது நிலத்தின் கதை. ஒரு சாண் எல்லைக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் ஊரிலிருந்து வந்தவன் நான். கிடுகு வேலியை ஒவ்வொரு ஆண்டும் அடைக்கும்போது கதியால் அரை அடி நகர்ந்துவிட்டதென்று பக்கத்து வீட்டோடு கதைபேச்சு முறிந்த குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. டார்ட்மூரிலோ ஒரே நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உரிமைகள். வடக்குப் பகுதியில் பெருநிலம் கோர்ன்வால் கோமக நிலமரபுக்கு, அதாவது இளவரசருக்குச் சொந்தம். அதில் ஆடு, மாடு, மட்டக்குதிரை மேய்க்கும் உரிமை சுற்றுவட்டாரப் பண்ணைக்காரருக்கு. சுடும் உரிமை இராணுவத்துக்கு. நடக்கவும் படுக்கவும் எனக்கும் உரிமை. உறுதி ஒருவர் பெயரில், ஆனால் நிலம் அவருடையது மட்டும் இல்லை.

இராணுவம் என்றவுடன் எனக்கு மனம் வேறெங்கோ போய்விடுகிறது. யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில், பெரியம்மாவின் காணி 1990-இல் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அந்தப் பக்கத்தில் இன்னும் விடப்படாத காணிகள் இருக்கின்றன. ஓக்ஹாம்ப்டன் மேட்டில் இராணுவம் 1870-களிலிருந்து சுடுபயிற்சி செய்கிறது. ஆனால் எந்த நாளில் சுடுவார்கள் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். சுடும் நாளில் குன்றுகளின் உச்சியில் சிவப்புக் கொடி, இரவென்றால் சிவப்பு விளக்கு. எல்லையில் சிவப்பு வெள்ளைக் கம்பங்கள். கொடி இல்லாத நாளில் யாரையும் கேட்காமல் உள்ளே போகலாம். தரையில் உலோகமாக எதைக் கண்டாலும் தொடாதே, வெடிக்கும் என்று அறிவிப்புப் பலகை சொல்கிறது. அது ஒன்றுதான் எனக்குப் பழகின வாசகம். மருமகன் இணையத்தில் நாட்களைப் பார்த்து, “இந்த வீக்கெண்ட் ஃபயரிங் இல்லை மாமா” என்று மழை இல்லை என்பதுபோலச் சொன்னான். நானோ அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

திட்டத்தில் எங்களுக்குள் பிணக்கு வந்தது நேரக் கணக்கில்தான். நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்குச் சொல்லி வைத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். மருமகன் அதை அப்படியே போட்டான். ஆனால் வடக்கு டார்ட்மூர் பாதையில்லாத முற்றா நிலக்கரிச் சதுப்பு. முழங்காலளவு புல்திட்டுகள், ஒவ்வொன்றும் காலை வைத்தவுடன் ஒருபக்கம் சாயும். அவற்றுக்கிடையில் கறுத்த நீர். அங்கே நெய்ஸ்மித் கணக்கை இரட்டிப்பாக்கினாலும் பிழையில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலைத் தவறவிட்டால் லண்டன் இணைப்பும் போய்விடும். திங்கள் காலை எனக்கு வேலை. ஆகவே தூரத்தை நான் வெட்டினேன்; அவன் முகத்தை நீட்டினான். சதுப்பின் நடுவில் கிரான்மியர் குளம் இருக்கிறது. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, வந்துபோனவர்கள் தங்கள் அட்டையை விட்டுப்போக ஒரு போத்தலை வைத்த இடம். அதிலிருந்துதான் டார்ட்மூர் முழுக்கப் பெட்டி ஒளித்துத் தேடும் பழக்கம் பரவியது. பார்க்க அவனுக்கு ஆசை. அடுத்தமுறை என்று சமாதானப்படுத்தினேன்.

சாமான் கட்டும்போது அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“வீட்டில கட்டில் மெத்தை இருக்கேக்க ஏன் மோனை வெளியில போய்ப் படுக்கிறாய்? தொண்ணூற்றஞ்சில பட்டது காணாதே?”

1995 ஐப்பசி இடப்பெயர்வில், வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அடித்த மழையை அவர் சொல்கிறார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் சாக்கு விரித்துப் படுத்தோம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “மழை இல்லையாம் அம்மா” என்றேன். “சரி, இடிச்ச சம்பல் கொண்டு போ” என்றார்.

அந்த யோசனை நல்ல யோசனை. நெருப்பு மூட்டக் கூடாது என்பது டார்ட்மூரில் கண்டிப்பான விதி. தீப்பிடித்த சதுப்பு லேசில் அணையாது, ஆழத்தில் புகைந்துகொண்டே இருக்கும். சின்ன எரிவாயு அடுப்பு மட்டும். வறுத்த தேங்காயும் செத்தல் மிளகாயும் இடித்த சம்பலுக்கு அடுப்பே தேவையில்லை, நாட்கணக்கில் கெடாது. கூஸ்கூஸில் கொதிநீர் ஊற்றி மூடிவைத்து, மேலே இந்தச் சம்பலைத் தூவினால் புட்டுக்குக் கிட்ட வரும். கடையில் ஏழு பவுண்டு சொல்லும் உலர்த்திய மலைநடைச் சாப்பாட்டுப் பொட்டலத்தை மருமகன் பிரித்துப் பார்த்துவிட்டு, என் கிண்ணத்துக்குள் கரண்டியை விட்டான்.

ஜூன் மாதம் போனோம். நிலையத்திலிருந்து இராணுவ முகாமைத் தாண்டி யெஸ் டோர் ஏறினோம், 619 மீட்டர். அதன் பக்கத்தில் ஹை வில்ஹேஸ், 621 மீட்டர். இங்கிலாந்தின் தென்பகுதியில் இதைவிட உயரம் இல்லை. உயரத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. காற்று பேச விடவில்லை.

நிலத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வெள்ளைப் பஞ்சுத் தலையோடு ஆடும் ஒரு கோரைப்புல் கண்ணுக்கு வடிவு. அது நிற்கும் இடமெல்லாம் ஈரம். அதைவிட மோசம், பளிச்சென்ற பச்சைப் பாசி. மற்ற நிலமெல்லாம் மங்கலான மஞ்சளும் பழுப்புமாய் இருக்க, அது மட்டும் வயலில் நாற்றங்கால்போல் மினுங்கும். தடியை ஊன்றிப் பார்த்தேன், கைப்பிடிவரை இறங்கியது. ஆடுகள் போட்ட தடத்தைப் பிடித்துச் சுற்றிப் போனோம். ஆடு சொல்லும் வழி சுற்றுவழிதான், ஆனால் கால் நனையாது. கைப்பேசியில் அலை எப்போதோ செத்துவிட்டது. நான் வாங்கிவந்த ஓர்ட்னன்ஸ் சர்வே காகித வரைபடத்தைக் கிழவர்களின் சாமான் என்று சிரித்தவன், அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

பிற்பகலில் நான்கு சில்லு மோட்டார் சைக்கிளில் ஒரு பண்ணைக்காரர் வந்தார். பின்னால் நாய். இரண்டு பழுப்பு நிற ஆட்களை அந்த இடத்தில் கண்ட ஆச்சரியத்தை மறைத்துக்கொண்டு, காரை எங்கே விட்டீர்கள் என்று கேட்டார். மெல்டன் பக்கம் என்றால் இரவில் கண்ணாடி உடைக்கிறார்கள், கவனம் என்றார். ரயிலில் வந்தோம் என்றேன். “ரயிலிலா!” என்று நாயைப் பார்த்தார். தன் சிறுவயதில் அந்த ரயிலை நிறுத்தினார்கள் என்றும், திரும்ப வருமென்று யாரும் நம்பவில்லை என்றும் சொல்லிவிட்டு, ஆற்றோரம் தாழ்வில் போடாதீர்கள், மழை பெய்தால் இரவோடு இரவாக ஏறிவிடும் என்று ஒரு சரிவைக் கை காட்டினார்.

தீர்ப்பைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் நிறைய எழுதின, எல்லோருக்கும் கிடைத்த வெற்றி என்று. டார்ட்மூரின் பல கிராமங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே கிடையாது. அங்கே அந்த உரிமை கார்ச் சாவி வைத்திருப்பவர்களுக்கானது. நீதிமன்றப் படிகளில் நின்று கைதட்டியவர்கள் கால அட்டவணையையும் ஒருமுறை பார்க்கலாம். சல்லிக்கல்லுக்காக விட்டுவைத்த ஒரு தண்டவாளம் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் அங்கே இல்லை.

பண்ணைக்காரர் காட்டிய சரிவில், சாலையிலிருந்தும் சுவரிலிருந்தும் எட்டத்தில், கூடாரம் போட்டோம். தண்ணீரை ஓடையில் எடுத்து வடிகட்டினோம். மேலே செத்த ஆடு கிடக்கிறதா என்று நூறு அடி நடந்து பார்ப்பது வழக்கம். ஒன்பதரைக்கும் வெளிச்சம் போகவில்லை. மருமகன் படுத்தவுடன் தூங்கிவிட்டான். நான் தார்ப்பாயில் காற்று அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மட்டக்குதிரை வந்து கயிற்றில் இடறி, எனக்கு உயிர் போய் வந்தது. அவன் அதற்கும் எழும்பவில்லை.

காலையில் பிளாக்-எ-டோர் குறுங்காட்டின் ஓரமாக இறங்கினோம். பாறைகளுக்கிடையில் வளைந்து குறுகின ஓக் மரங்கள், கிளையெல்லாம் பாசி. பிறகு மெல்டன் நீர்த்தேக்கம். அதைத் தாண்டி 1874-இல் கட்டிய இரும்புப் பாலம். பழைய பிரதான ரயில்பாதை போன பாலம், இப்போது நடப்பவருக்கும் சைக்கிளுக்கும். அதன் வழியே நடந்தால் நேராக ஓக்ஹாம்ப்டன் நிலையம். ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலே மிச்சம் இருந்தது. நான் கணக்கை வெட்டியது அதிகம் என்று மருமகன் எக்ஸிட்டர்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

இப்போது அவனிடம் வேறு திட்டம். ஓக்ஹாம்ப்டனில் இறங்கி, கிரான்மியர் குளத்தையும் பார்த்துக்கொண்டு டார்ட்மூரை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து, ஐவிபிரிட்ஜ் நிலையத்தில் ரயில் ஏறுவது. இரண்டு முனையிலும் ரயில். வழக்கு நடந்த நிலமும் அந்தத் தெற்குப் பக்கம்தான். மே மாதம் வேண்டாம் என்றேன்: டென் டோர்ஸ் நடைக்காக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் வந்து நிறைவார்கள். சரி, செப்டெம்பர் என்கிறான். சுடுபயிற்சி நாட்கள் வெளிவந்ததும் சொல் என்றிருக்கிறேன். சம்பல் இரட்டிப்பாக வேண்டுமாம்.