கொம்பு முதலில்

சென்ற மே மாதம் பணி ஓய்வு பெற்றேன். 34 ஆண்டுகளும் ஈராசிரியர் பள்ளிகளில்தான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள் எப்போதும் என் பொறுப்பு. கடைசியாகப் போன பயிற்சியில் ஒரு படிவம் தந்தார்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மூன்று கட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றில் டிக் போட வேண்டுமாம், பத்து நிமிடத்தில். வெறும் தாளாகவே திருப்பிக் கொடுத்தேன்.

'கொ' எழுதக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு ஏன் என்று புரியும். காதில் முதலில் விழுவது ககரம், அடுத்தது ஒகரம். கை முதலில் போட வேண்டியதோ ஒற்றைக்கொம்பு. என்னிடம் ஒரு பையன் படித்தான். பாட்டை ஒருமுறை கேட்டால் மறுநாள் ராகம் பிசகாமல் பாடுவான். படிவப்படி 'கேட்டுக் கற்பவர்'தான். அவன்தான் இங்கே மாட்டிக்கொண்டான். 'கொக்கு' என்றால் க-வைப் போட்டுவிட்டு, இடமில்லாத இடத்தில் கொம்பைத் திணிப்பான். காதில் விழுந்த வரிசையிலேயே கை போனது. நான் உரக்கச் சொல்லச் சொல்லப் பிழை இறுகியது. மூன்று வாரம் தூக்கமில்லை.

என் முதல் பள்ளித் தலைமையாசிரியை, "டீச்சர், வாயை மூடிக்கிட்டு அவன் விரலைப் பிடிங்க" என்பார். அது ஞாபகம் வந்தது. தட்டில் ஆற்றுமணலைப் பரப்பி, ஒரு வார்த்தை பேசாமல் அவன் விரலைப் பிடித்து இழுத்தேன்: கொம்பு, க, கால். பிறகு தரையில் புளியங்கொட்டையால் அடுக்கச் சொன்னேன். நான்காம் நாள் தானே எழுதினான். அதே பையன் வாய்ப்பாட்டைப் பாடித்தான் பிடித்தான். அவனுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

படிவம் மட்டுமல்ல, நல்ல திட்டங்களும் இப்படித்தான் ஆயின. 2007-இல் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் வந்தபோது மகிழ்ந்தேன். அவரவர் ஏணிப்படியில் அவரவர் வேகம். தாழ்வான கரும்பலகையில் ஆளுக்கொரு இடம். ஆனால் பல வகுப்புகளில் பாட அட்டையை எடுத்துக் கொடுப்பதே பாடம் என்றாகிவிட்டது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளை இன்று நிற்கும் நிலைகள். அந்த நிலையைப் போனில் பதிவேற்றியதும் "அது அரும்புப் பிள்ளை டீச்சர்" என்று ஆண்டு முழுக்கச் சொல்லும் இளைய ஆசிரியர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். வீடியோவை ஓடவிட்டுப் பதிவேடு எழுதுகிறார்கள்.

அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஒரு பிள்ளை 'கொ' எழுதும்போது பக்கத்தில் உட்காருங்கள். எழுதி முடித்ததைப் பார்க்காதீர்கள். கொம்பை எப்போது போடுகிறது என்று பாருங்கள்.