ஒப்பீடும் ஒழுங்கும்

மாணவர் வாழ்வைப் பற்றிய கட்டுரைத் தலைப்புகளுள் ஒப்பீட்டுத் தலைப்புகளுக்குத் தனி இடம் உண்டு. 'அன்றைய மாணவரும் இன்றைய மாணவரும்', 'விடுதி மாணவரும் வீட்டு மாணவரும்', 'நகர மாணவரும் சிற்றூர் மாணவரும்' என ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்று பள்ளித் தேர்விலோ பங்கு விழாப் போட்டியிலோ தலைகாட்டிவிடுகிறது. எளிய தலைப்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். எழுத அமர்ந்த பின்னர்தான் இடர் தெரிகிறது. எதை முதலில் சொல்வது? எதைப் பின்னர் சொல்வது? இரண்டையும் எங்கே சேர்ப்பது? முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற பழகிய குறிப்புச் சட்டகம் இவ்வினாக்களுக்கு விடை தருவதில்லை.

காரைக்கால் பகுதியில் மாலைநேரப் படிப்பு வகுப்பொன்றில் பிள்ளைகளோடு அமரும் வாய்ப்பு நமக்குக் கிடைத்ததுண்டு. கருக்களாச்சேரி கடலை நம்பி வாழும் மீனவர் ஊர். கடலுக்கு முதுகு காட்டிச் சற்று உள்ளே நடந்தால் காவிரிப் பாசனத்தின் கடைமடை வயல்கள். எனவே வகுப்பில் ஒரே பாயில் படகு வீட்டுப் பிள்ளையும் வயல் வீட்டுப் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருப்பர். அவர்களுக்கு நாம் கொடுத்த தலைப்பு, 'மீனவர் வீட்டு மாணவரும் உழவர் வீட்டு மாணவரும்' என்பது.

பிள்ளைகள் அனைவரும் கேளாமலே ஒரே முறையைக் கையாண்டனர். முதல் பக்கத்தில் தம் வீட்டு வாழ்வு, இரண்டாம் பக்கத்தில் மற்றவர் வாழ்வு. கடற்கரைப் பிள்ளைகளின் முதல் பக்கம் முழுவதும் 'இல்லை' என்ற சொல் நிறைந்திருந்தது. அமைதி இல்லை, இடம் இல்லை, நேரம் இல்லை. இரண்டாம் பக்கத்தில், உழவர் வீட்டு மாணவருக்குக் கவலையே இல்லை என்று முடித்திருந்தாள் ஒரு சிறுமி. வயல் வீட்டுப் பையன் ஒருவனோ, மீனவர் வீட்டில் நாள்தோறும் பணம் புழங்குவதால் அவர்களுக்குப் படிப்பில் அக்கறை குறைவு என்று எழுதியிருந்தான். அச்சொற்கள் அப்பையனுடையவை அல்ல. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பெரியவர்கள் பேசுவதை அவன் காதில் வாங்கி எழுதியிருக்கிறான். ஒரு பக்கத்தில் சொந்த அனுபவம், மறு பக்கத்தில் கேள்விப்பட்ட செய்தி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் அது ஒப்பீடு ஆகிவிடுமா?

இம்முறையைத் தொகுதி முறை எனலாம். ஒன்றை முழுமையாகச் சொல்லி முடித்து, அதன்பின் மற்றதை முழுமையாகச் சொல்வது. இது தவறான முறை அன்று. கட்டுரை சிறியதாயின் இதுவே தெளிவானது. ஒவ்வொரு வாழ்வும் துண்டுபடாமல் ஒரு சித்திரமாக வாசகர் மனத்தில் பதியும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் பகுதியில் எவ்வெப் பொருள்களை எவ்வரிசையில் சொன்னோமோ, அவற்றையே அதே வரிசையில் இரண்டாம் பகுதியிலும் சொல்ல வேண்டும். மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் வீடு கட்டிய இருவரைப் பற்றிய உவமையை நினைவுகூர்வோம். இருவருக்கும் அதே மழை, அதே வெள்ளம், அதே காற்று. வரிசைகூட மாறவில்லை. மற்றவை யாவும் ஒன்றாயிருப்பதால், அடித்தளம் என்ற ஒரே வேறுபாடு கேட்பவர் கண்ணில் தானே படுகிறது.

தொகுதி முறைக்கு இன்னொரு தேவையும் உண்டு. பண்டைக் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க், கிரேக்கர் ஒருவர், உரோமையர் ஒருவர் என இணை இணையாக வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். பேச்சாற்றலால் புகழ்பெற்ற டெமோஸ்தெனீசையும் சிசரோவையும் இவ்வாறே அவர் இணைத்தார். இரு வரலாறுகளையும் சொல்லிவிட்டு அவர் நின்றுவிடவில்லை. பெரும்பாலான இணைகளின் இறுதியில் இருவரையும் ஒப்பிடும் சிறு பகுதியொன்றையும் சேர்த்தார். அப்பகுதி இல்லையேல் இருப்பவை இரண்டு தனிக் கட்டுரைகளே. நம் பிள்ளைகளின் தாள்களில் இல்லாதிருந்தது இந்தப் பாலந்தான்.

ஆகவே அடுத்த வாரம் வேறு முறையை எடுத்துக்கொண்டோம். இதைக் கூறு முறை எனலாம். முதலில் ஒப்பிடுவதற்குரிய கூறுகளைத் தேர்ந்துகொள்வது; பின் ஒவ்வொரு கூற்றிலும் இருவரையும் ஒருசேர நிறுத்திப் பார்ப்பது. நீதிமொழிகள் நூலின் 10ஆம் அதிகாரம் முதலாக வரும் பல வரிகள் இப்படி அமைந்தவையே: நேர்மையாளரும் பொல்லாரும், ஞானியும் மதியீனரும் ஒரே வரிக்குள் எதிரெதிரே நிற்பர். கூறுகளைக் கரும்பலகையில் பிள்ளைகளே எழுதினர். விழித்தெழும் நேரம், வீட்டு வேலை, படிக்கும் இடம், வீட்டுக்குப் பணம் வரும் காலம் என நான்கு தேறின.

முதல் மூன்றும் விரைவில் முடிந்தன. தந்தை விடியுமுன் கடலுக்குப் போகும் வீட்டில் விளக்கும் முன்னதாகவே ஏற்றப்படுகிறது. தாய் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையோடு விற்கப் புறப்பட்டுவிட்டால், சமையல் மூத்த மகளின் பொறுப்பு. வயல் வீட்டிலோ நடவும் அறுப்பும் வரும் நாள்களில்தான் இந்நெருக்கடி. மற்ற நாள்களில் மாட்டுக்குத் தீனி வைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

நான்காம் கூற்றில்தான் எவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் கருதி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. அரசு தரும் நிவாரணத் தொகையைக் கொண்டு இரண்டு மாதங்களை ஓட்டுவது கடினம். கடன் ஏறுகிறது. தடை முடிந்து படகு கடலில் இறங்கும் வேளையில்தான் கல்லூரிச் சேர்க்கைக்கும் கட்டணத்துக்குமான நாள்கள் வருகின்றன. இதை ஒரு மாணவி எழுந்து சொன்னபோது, வயல் வீட்டுப் பையன் சற்றே தயங்கி, "எங்க வீட்லயும் ஜூன்ல காசு இருக்காது ஃபாதர்" என்றான். சம்பா அறுவடைப் பணம் தை, மாசியில் வந்து கடனுக்குப் போய்விடுகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. குறுவைக்கு உழவு, விதை, உரம் எனக் கையிலிருப்பது மண்ணுக்குள் போகும் காலம் அது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை அதுவும் உறுதியில்லை. ஆக, ஒருவர் படகு இறங்கும் நாளும் மற்றவர் அணை திறக்கும் நாளும் ஏறக்குறைய ஒரே வாரம். இரண்டு வீடுகளும் வெறுங்கையோடு நிற்பதும் அதே வாரத்தில்தான்.

ஒரே பாயில் அமர்ந்திருந்தும் பிள்ளைகள் இதை அதுவரை அறிந்திருக்கவில்லை. தொகுதி முறையில் எழுதிய தாள்களும் இதைக் காட்டவில்லை. ஒரே வினாவை இருவரிடமும் அடுத்தடுத்துக் கேட்ட ஒழுங்குதான் காட்டியது. கட்டுரையின் அமைப்பு என்பது மதிப்பெண்ணுக்கான அலங்காரம் மட்டுமன்று என்று நாம் கருதுவது இதனால்தான். வினாவின் வரிசை மாறும்போது, கண்ணுக்குப் புலப்படும் உண்மையும் மாறுகிறது.

கூறு முறைக்கும் குறை உண்டு. கூறுகள் ஐந்தாறைத் தாண்டினால் வாசகர் ஊஞ்சலில் அமர்த்தப்பட்டவர் போல் அங்குமிங்கும் ஆடிக் களைத்துவிடுவார். சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறும் வரிசையும், இறுதியில் சொல்லத்தக்க ஒரு கூறும் இருந்தால் இக்களைப்பு நேராது.

மூன்றாவது முறை நம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. தண்டியலங்காரம் கூறும் வேற்றுமை அணியைப் பள்ளியில் படித்தவர்கள் அறிவர். இரு பொருள்களுக்கும் உள்ள ஒற்றுமையை முதலில் சொல்லி, அதன்பின் வேறுபாட்டைச் சொல்வது. நெருப்பு உண்டாக்கும் காயத்தையும் கடுஞ்சொல் உண்டாக்கும் காயத்தையும் ஒப்பிடும் வள்ளுவரின் 129ஆம் குறளை ஆசிரியர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவர். வலி இரண்டுக்கும் பொது, குணமடைவதில்தான் வேறுபாடு. ஒற்றுமையை முதலில் ஏற்றுக்கொண்ட பின்னர் சொல்லப்படும் வேறுபாட்டில் பகைமை இருப்பதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அரசுப் பள்ளிகள் 2024-25 கல்வியாண்டில் மத்தியப் பாடத்திட்டத்துக்கு முழுமையாக மாறின. இன்று காரைக்காலில் ஒரே வீட்டில், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்து முடித்த அண்ணனும், மத்தியப் பாடத்திட்டத்தில் படிக்கும் தங்கையும் இருக்கக் காணலாம். 'அண்ணன் படித்ததும் தங்கை படிப்பதும்' என்ற தலைப்புக்கு இம்மூன்றாம் முறை நன்கு பொருந்தும்.

நம் வகுப்பும் இறுதியில் இம்முறைக்கே வந்து சேர்ந்தது. ஜூன் மாதத்தின் வெறுங்கை, கடன், முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் அச்சம் ஆகியவை ஒற்றுமைகள். அப்படியானால் வேறுபாடு என்ன? வெள்ளம் வந்தால் பயிர் போகும். புயலில் படகு போனால் தந்தையும் உடன் போகலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இப்பிள்ளைகள் அதற்குப் பின் பிறந்தவர்கள். எனினும் புயல் எச்சரிக்கை கேட்ட நாளில் அவர்கள் கண்கள் புத்தகத்தில் நிற்பதில்லை. இதை எடைபோட எந்தக் கோலும் போதாது. எடைபோட வேண்டியதும் இல்லை. இன்னார் வாழ்வே கடினம் என்று வெற்றி தோல்வி கூறித்தான் ஒப்பீட்டுக் கட்டுரை முடிய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இருவரையும் முன்னினும் தெளிவாகக் கண்டோம் என்றால் அதுவே தக்க முடிவுரை.

எழுதும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். முதலில் தாளின் நடுவே ஒரு கோடு கிழியுங்கள். இடப்புறம் ஒருவர், வலப்புறம் மற்றவர். ஒரு புறம் எழுதிய கூற்றுக்கு நேரே மறுபுறம் வெற்றிடமாக இருந்தால், அது நீங்கள் இன்னும் அறியாத இடம். போய்க் கேட்டு வாருங்கள். கூறுகள் குறைவாக இருந்தால் தொகுதி முறை. பலவாக இருந்தால் கூறு முறை. ஒற்றுமை மிகுந்து வேறுபாடு ஒன்றிரண்டாக இருந்தால் வேற்றுமை அணியின் வழி.

பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. தேர்வு முடிவு வரும் நாளில் நாம் ஒவ்வொருவரும் ஒப்பீட்டுக் கட்டுரை ஆசிரியராகிவிடுகிறோம். 'பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்' என்ற ஒரே வரியில் அக்கட்டுரை முடிந்துவிடுகிறது. அதில் உள்ள கூறு ஒன்றே ஒன்று, மதிப்பெண். அப்பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது, எங்கே அமர்ந்து படிக்கிறது, அதன் வீட்டில் அடுப்பை யார் மூட்டுகிறார், அதன் அச்சம் என்ன என்று நாம் கேட்டதுண்டா? நம் பிள்ளையிடமேனும் அவ்வினாக்களைக் கேட்டிருக்கிறோமா? கேட்காத வரையில் கோட்டின் இருபுறமும் வெற்றிடமே. இரண்டு பிள்ளைகளையும் அறியாமல் இரண்டையும் ஒப்பிடுவது எங்ஙனம்?