இது யார் வீட்டுப் பொருள்?

சிங்கப்பூரின் ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையத்தைவிட்டு வெளியே வந்தால், சுங்கை ரோடு சந்தை கூடிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. 1930களில் தொடங்கிய அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு முடிந்தது. ஓடாத கடிகாரம், கிராமஃபோன் தட்டு, பழைய நாணயம், யாரோ யாருக்கோ எழுதிய கடிதக்கட்டு எல்லாமே தரையில் விரித்த தார்ப்பாயில் கிடக்கும். திருடர் சந்தை என்றும் சொல்வார்கள். விலையைத்தான் கேட்பார்களே ஒழிய, பொருள் யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்பவர் இல்லை.

“அங்கே யாரும் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்” என்றார் அன்று என்னோடு நடந்தவர். அரும்பொருளகத் துறையில், பொருள் சேகரிப்பு வேலையில் பல வருடமாக இருப்பவர். பெயரும் பணியிடமும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உடன் வந்த இளைஞர் புதிதாகச் சேர்ந்தவர். அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரைத் தம்பி என்பார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் போனது கிங் ஜார்ஜஸ் அவென்யூ பக்கம் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டுக்கு. எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, தன் பழைய சாமான்களை அரும்பொருளகத்துக்குக் கொடுக்க விரும்புவதாகச் சொல்லியிருந்தார். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார்: ஒரு தகரப்பெட்டி, ஒரு கூறைச்சேலை, ஒரு குத்துவிளக்கு, பிஸ்கட் டின்னில் சில படங்களும் காகிதங்களும்.

விளக்கு பளபளவென்று மின்னியது. “நேத்து ராத்திரி உட்கார்ந்து புளி போட்டுத் தேய்ச்சேன். நீங்கல்லாம் வர்றீங்களே” என்றார் பாட்டி. அக்கா சிரித்த முகத்தோடு “ரொம்ப அழகா இருக்கு பாட்டி” என்றார். வெளியே வந்த பிறகுதான் மனதில் இருந்ததைச் சொன்னார். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு, திரி எரிந்த கரி, தட்டின் விளிம்பில் காய்ந்துபோன குங்குமம் ஆகியவைதான் அந்த விளக்கு எப்படி வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி. அவை ஒரே இரவில் போய்விட்டன. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கைத் தேய்ப்பதும் அந்த விளக்கின் வாழ்க்கைதானே? தேய்க்காமல் அழுக்கோடு கொடுத்திருந்தால் பாட்டிக்கு மனசு ஆறியிருக்குமா? அரும்பொருளகங்களில் வேலை செய்பவர்கள் இதைப் பற்றி உண்மையாகவே விவாதிக்கிறார்கள். பூஜையில் இருந்த பொருளின் மேல் ஒட்டியிருக்கும் சந்தனம் அழுக்கா, பொருளின் ஒரு பகுதியா? இன்று பெரும்பாலோர் அதை அப்படியே விட்டுவிடவே விரும்புகிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. துடைத்துவிட்டால் திரும்ப வராது. விட்டுவைத்தால் நாளைக்கு வருகிறவர் முடிவு செய்துகொள்ளலாம்.

தொட வேண்டிய இடமும் உண்டு. மண்ணுக்கடியில் கிடந்த வெண்கலத்தில் உப்பு ஏறியிருந்தால், காற்றின் ஈரம் பட்டதும் பச்சைப் பொடியாகப் பூத்து உள்ளேயே அரித்துக்கொண்டு போகும். நம் ஊர் வெண்கலங்களில் அந்த உப்பை அகற்றும் வைத்தியத்தை முறையாகத் தொடங்கியது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 1930இல் இரசாயனப் பாதுகாப்புக் கூடம் ஒன்று அமைந்தது. இந்தியாவில் இத்தகைய முன்னோடிக் கூடங்களில் அதுவும் ஒன்று. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் வெண்கலங்களின் உப்பை அகற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சையும் ஆராய்ந்தார். அவர் பெயர் இந்தத் தொழிலுக்கு வெளியே எத்தனை தமிழருக்குத் தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தம்பி பையைத் திறந்து நீல நிறக் கையுறை, மென்மையான பென்சில், அளவுநாடா, ஒரு சிறு டார்ச் ஆகியவற்றை எடுத்து வைத்தார். பேனாவே கிடையாது. பொருள் இருக்கும் மேசையருகே பேனா வரக்கூடாது என்பது முதல் நாளே கற்பிக்கப்படும் பாடம்; மை சிந்தினால் தீர்ந்தது. கூறைச்சேலையை அவர் விரித்த விதத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முனையைப் பிடித்து உதறவில்லை. அமிலமில்லாத மெல்லிய தாளை அடியில் விட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தாங்கி, ஒவ்வொரு மடிப்பாகத் திறந்தார். வருடக்கணக்காக மாற்றாத மடிப்புகளில் பட்டு இற்றுப்போயிருந்தது. ஓரிடத்தில் பாவு போய் ஊடை நூல் மட்டும் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. ஜரிகை கறுத்திருந்தது. அதற்குள் இருப்பது வெள்ளி. காற்றில் உள்ள கந்தகம் பட்டால் கறுக்கும். அதைத் தேய்த்தால் மேலே உள்ள தங்க முலாமும் போய்விடும், ஆகவே கை வைப்பதில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் கண்ணுக்குத் தெரியாத கறைகள் மேடாகத் தெரிந்தன. முந்தானை அருகே ஒரு மஞ்சள் திட்டு. “இது என்ன கறை பாட்டி?” “தாலி கட்டினப்போ மஞ்சத் தண்ணி பட்டது. மாமியார் துவைக்கக் கூடாதுன்னுட்டாங்க.” அக்கா அந்த வாக்கியத்தை அப்படியே, பாட்டியின் சொற்களிலேயே எழுதிக்கொண்டார். பொருளின் நிலையைக் குறிக்கும் கண்டிஷன் ரிப்போர்ட்டில் அது வெறும் ‘மஞ்சள் கறை, நான்கு சென்டிமீட்டர்’ என்று முடிந்திருக்கும்.

தகரப்பெட்டியின் கதை இன்னும் நீளம். நாகப்பட்டினத்தில் வாங்கியது. ரஜூலா கப்பலில் பாட்டி தன் அம்மாவோடு வந்தபோது, தளத்தில் அதன் மேல்தான் உட்கார்ந்து வந்தாராம். இரவில் அதன் ஓரத்தில் தலை வைத்துத் தூக்கம். 1926இல் நீரில் இறங்கிய அந்தக் கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. அதில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தத் தெருக்கள் முழுக்க இருக்கிறார்கள். பெட்டியின் மூடியில் பெயின்ட்டில் எழுதிய பெயர் பாதி உரிந்திருந்தது. பெட்டிகூட எங்கும் கிடைக்கும், அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பது பாட்டிக்கு மட்டும்தான் தெரியும் என்றார் அக்கா. கைபேசியில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டியின் மகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை.

பிறகு, இந்த வேலையில் கடினமானதைச் சொல்லும் கட்டம் வந்தது. குத்துவிளக்கை எடுத்துக்கொள்ள வாய்ப்பில்லை என்று அக்கா சொல்ல வேண்டியிருந்தது. அதே மாதிரி விளக்குகள் ஏற்கெனவே சேகரிப்பில் இருக்கின்றன. மற்றவற்றுக்கும் அவர் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு குழு பார்த்து முடிவு செய்யும். ஏற்றுக்கொண்டாலும் காட்சிக்கு வைப்பார்கள் என்ற உறுதி இல்லை. பேரனை அழைத்துக்கொண்டு வந்து ‘எங்கே எங்க பாட்டி பெட்டி?’ என்று கேட்கும் குடும்பங்களுக்குப் பதில் சொல்வது காட்சிக்கூடப் பணியாளர்கள் தலையில் விழுகிறது. தேசியச் சேகரிப்பில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. கூடங்களில் இருப்பவை அதில் சிறு பகுதிதான். மீதியில் பெரும்பாலானவை ஜூரோங்கில் 2000ஆம் ஆண்டு திறந்த மரபுடைமைப் பாதுகாப்பு நிலையத்தில், சீரான குளிரிலும் ஈரப்பதத்திலும் இருக்கின்றன. பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி கண்ணு, விளக்கு பேத்திக்குப் போகட்டும்” என்றார்.

அங்கிருந்து கேம்பல் லேனுக்கு நடந்தோம். 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் அங்கே நான்கு மாடியாக நிற்கிறது. வடஇந்தியப் படிக்கிணற்றை மனதில் வைத்து அமைத்த முகப்பு. பகலில் கண்ணாடியாக மின்னும், இருட்டினால் உள்ளே இருக்கும் சுவரோவியம் தெருவுக்குத் தெரியும். உள்ளே செட்டிநாட்டு வாசல் ஒன்று இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதில் சுமார் 5,000 நுண்ணிய செதுக்கல்கள் என்கிறார்கள். முழுவதும் பார்க்க ஒரு மத்தியானம் வேண்டும். பத்து நிமிடத்தில் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்தலாம் போல இருக்கும்.

காட்சிக்கூடங்களில் நிற்பவர்களின் கவலைகள் வேறு மாதிரி. பல அரும்பொருளகங்களில் வேலை பார்த்த ஒரு அண்ணன் சொன்னார்: நாள் முழுக்க நிற்பதால் முழங்கால் முதலில் போகும். அதிகம் கேட்கப்படும் கேள்வி கழிவறை எந்தப் பக்கம் என்பது. அடுத்தது, இது அசலா. அதற்கடுத்தது, என்ன விலை போகும். சாமி சிலை முன்னால் கைகூப்பி நிற்பவர்களை அவர் தொந்தரவு செய்வதில்லை. செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்பவர்களிடம், வேண்டாம், ஆனால் உங்கள் விருப்பம் என்பார். பீடத்தில் காசோ பூவோ வைத்தால் மட்டும் மெதுவாக எடுத்துவிடுவார். பூவில் ஈரம் இருக்கும், பூச்சி இருக்கும்.

ஈரமும் பூச்சியும் வெளிச்சமும்தான் இந்த ஊரில் தீராத தலைவலி. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். துணிக்கும் காகிதத்துக்கும் அதைவிடக் குறைவாகத்தான் தேவை. கூட வைத்தால் பூஞ்சை, வெகுவாகக் குறைத்தால் மரம் வெடிக்கும். வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. ஆகவேதான் சேலை வைத்திருக்கும் அறை மங்கலாக இருக்கிறது. ‘லைட்டைப் போடக்கூடாதா?’ என்று பார்வையாளர்கள் கோபப்படுவார்கள். வெளிச்சம் செய்த கேடு கூடிக்கொண்டேதான் போகும். இருட்டில் ஓய்வு கொடுத்தால் மேலும் வெளுக்காது, வெளுத்த சாயம் திரும்பாது. ஆகவே துணிகளைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றி வைக்கிறார்கள். மூலைகளில் ஒட்டுப்பொறி வைத்து, அதில் விழுந்த பூச்சிகளை வாராவாரம் எண்ணிக் குறித்துவைப்பதும் ஒருவரின் வேலை. துணியிலோ மரத்திலோ பூச்சி இருக்கிறதென்று சந்தேகம் வந்தால், பையில் காற்றுப் புகாமல் அடைத்து, சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் ஓரிரு வாரம் வைப்பார்கள். மருந்து அடித்தால் பொருளுக்கும் கேடு, எடுப்பவர் நுரையீரலுக்கும் கேடு. பாட்டி வீட்டுச் சேலை ஏற்கப்பட்டால் அதுவும் முதலில் குளிரறைக்குத்தான் போகும்.

ஆனால் இவர்களிடம் பேசப் பேச, எல்லாக் கவலையும் கடைசியில் அக்காவின் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. யாருடையது, எப்படி வந்தது? அந்தக் கேள்விக்குத் தவறான பதில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த நகரமே பார்த்திருக்கிறது. ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் உமா பரமேசுவரி வெண்கலச் சிலை ஒன்றை நியூயார்க்கின் ஆர்ட் ஆஃப் த பாஸ்ட் நிறுவனத்திடம் 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்தது. கைமாறிய வரலாற்றைச் சொல்லும் ஆவணங்களோடுதான் வந்தது, அவை பொய். சிலை அரியலூர் மாவட்டத்துச் சிவன் கோயிலில் திருடப்பட்டது என்று தெரிந்ததும், 2015இல் இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அரும்பொருளகம் அறிவித்தது. அந்த நிறுவனத்தை நடத்திய சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. திருடுபோன தமிழகச் சிலைகள் பலவற்றை அடையாளம் காட்டியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயில் கோயிலாகப் போய் எடுத்து, ஊர்ப்பெயரோடு அடுக்கிவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். யாரோ ஒருவர் படத்துக்கு ஊர்ப்பெயர் எழுதி வைத்தார். அதனால் சாமி ஊருக்குத் திரும்ப முடிந்தது. விளக்குக்கும் தகரப்பெட்டிக்கும் இதே அக்கறை தேவை என்று அக்கா பிடிவாதமாக இருப்பதன் காரணம் எனக்கு இங்கேதான் முழுதாக விளங்கியது.

பிஸ்கட் டின்னில் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. பாட்டியின் அப்பா மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டித்தொழில் நடந்த ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். 1970களில் அந்தக் கிட்டங்கிகள் இடிபட்டபோது வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பக்கம் பக்கமாகத் தமிழ் எண்கள். வரவு, பற்று, மாதம், ஆண்டு எல்லாவற்றுக்கும் சுருக்கக் குறிகள். அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னக் கணக்கு. தம்பி பல்கலைக்கழகம்வரை தமிழ் படித்தவர், ஒரு வரிகூட அவரால் படிக்க முடியவில்லை. அக்காவால் எண்களை மட்டும் கூட்ட முடிந்தது. ஆட்பெயர்களும் சரக்கும் வட்டியும் அந்தக் குறிகளுக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன. படிக்காத புத்தகத்துக்குக் குறிப்பு எழுத முடியாது. குறிப்பில்லாமல் குழுவின் முன் வைத்தால் அது ‘பழைய கணக்குப் புத்தகம், ஒன்று’ என்றுதான் பதிவாகும். கிட்டங்கியில் அடுத்தாளாகவோ பெட்டியடிப் பையனாகவோ இருந்து அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவரை அக்கா இப்போது தேடிக்கொண்டிருக்கிறார். தேக்காவில், தேங் ரோடு கோயிலில், முதியோர் கூடும் இடங்களில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இதை வாசிப்பவர்கள் வீட்டுத் தாத்தா யாருக்காவது தெரிந்திருந்தால், அவரிடம் அந்தக் குறிகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே அவர் சொல்லும் பொருளையும் எழுதி வையுங்கள், பென்சிலால்.