39 நிமிடங்கள்

வினாத்தாளை நான் வெளியிடுவதற்கு நான்கு நிமிடங்கள் முன்பாகவே ஒரு மாணவியின் விடைத்தாள் வந்து சேர்ந்திருந்தது.

கொரோனாவால் வகுப்பறைகள் மூடிக் கிடந்த 2021-ஆம் ஆண்டில் நடந்தது இது. சங்க இலக்கியத் தாளில் ஒரு மணி நேர உள்தேர்வு. சரியாகப் பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வினாக்களை இட்டேன். எழுதிய விடைகளைப் படமெடுத்துக் கல்லூரி சர்வரில் ஏற்ற வேண்டும். அவளுடைய கோப்புக்கு எதிரே சர்வர் குறித்திருந்த நேரம் 9.56. விடைகள் நன்றாக இருந்தன. அதுவே என் ஐயத்தை வளர்த்தது.

அன்று மாலை அவளைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தேன். விசாரித்தேன் என்பது நாகரிகமான சொல். "வினாத்தாள் உனக்கு முன்கூட்டியே எப்படிக் கிடைத்தது?" என்றுதான் தொடங்கினேன். "பத்தரைக்கு மேலதான் ஐயா ஏத்தினேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு அழுதாள். அந்த அழுகையை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். மற்றவர்களின் கோப்புகள் 10.06, 10.11 என்றிருந்தன, ஒரு மணி நேரத் தேர்வை வகுப்பில் பலர் பத்து நிமிடத்தில் முடித்திருந்தார்கள். அந்த அதிசயம் என் கண்ணில் படவே இல்லை.

மறுநாள், ஆதாரத்தை உறுதிசெய்துகொள்ளக் கணினித் துறை நண்பரிடம் போனேன். அவர் சர்வரைத் திறந்து ஏதோ தட்டினார். திரையைப் பார்த்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். சர்வர் 39 நிமிடங்கள் பின்தங்கியிருந்தது.

நாங்கள் சர்வர் என்று சொல்லிவந்தது தனிக் கணினியே அல்லவாம். ஒரு பெரிய கணினிக்குள் குடியிருக்கும் சில மெய்நிகர் எந்திரங்களுள் ஒன்று. வர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். தேர்வன்று காலை எட்டு மணியளவில் யுபிஎஸ் பேட்டரி மாற்றுவதற்காகப் பெரிய கணினியை நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவற்றை அப்படியே உறையவைத்து வட்டில் சேமித்து, வேலை முடிந்ததும் எழுப்பியிருக்கிறார்கள். எழுந்த எந்திரம் விட்ட நொடியிலிருந்தே எண்ணத் தொடங்கியது. இடையில் போன 39 நிமிடங்கள் அதற்கு நிகழவே இல்லை.

உறங்காவிட்டாலும் சிக்கல் உண்டு என்றார் நண்பர். கணினி ஒரு படிகத்தின் அதிர்வைக் கொண்டு சீரான துடிப்புகளை உண்டாக்கி, அவற்றை எண்ணி நேரம் அறிகிறது. மெய்நிகர் எந்திரத்துக்கோ செயலி முறைவைத்துத்தான் கிடைக்கும். அடுத்தவர் முறையில் விழுந்த துடிப்புகள் தாமதமாக மொத்தமாய் வரும். சில தவறியும் போகும். அதனால்தான் கேவிஎம்-கிளாக் போன்ற புதிய ஏற்பாடுகளில் விருந்தாளி தானே எண்ணுவதில்லை, வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்கிறது.

முல்லைப்பாட்டில் பாசறையிலிருக்கும் அரசனுக்குப் பொழுதை அளந்து சொல்ல ஆட்கள் இருந்தார்கள். நீர் வட்டில் வைத்துக் கணக்கிட்டு வந்து அறிவிப்பார்கள். எத்தனையோ ஆண்டுகளாக நடத்தும் பாடம். கூடாரத்துக்குள் இருப்பவனுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

எங்கள் எந்திரத்துக்கும் அப்படி ஓர் ஆள் இருந்தது. டேவிட் மில்ஸ் வகுத்து 1985-இல் முதலில் ஆவணமாக வெளிவந்த என்டிபி என்னும் நெறிமுறையின்படி இயங்கும் சிறு நிரல் அது. வலையில் உள்ள நேரச் சர்வர்களைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும். வேறுபாடு நொடியில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாமல் மெல்ல நகர்த்தும். விநாடிக்கு அரை மில்லி விநாடிக்கு மேல் போகாது. அதைவிடப் பெரிதென்றால் ஒரே தாவல். ஆயிரம் விநாடியைத் தாண்டினாலோ திருத்தவே திருத்தாது. எங்கோ பெரும் பிழை, மனிதர் யாராவது வந்து பார்க்கட்டும் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். எங்கள் வேறுபாடு 2,340 விநாடி. அந்த வரியை நண்பர் காட்டினார். தேர்வன்று காலையே எழுதப்பட்டிருந்தது.

அவ்வளவு பெரிய முரணைக் கண்டதும் அந்த நிரல் நின்றுவிட்டது. நான் தொலைபேசியை எடுத்தேன்.

எழுப்பியவுடன் பெரிய கணினியின் நேரத்தை வாங்கிக்கொள்ளும்படி நண்பர் அமைப்பை மாற்றினார். பத்து நிமிட வேலை. 9.56-உடன் 39-ஐக் கூட்டினால் 10.35. அவள் சொன்னது அதுதான். அன்றே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க ஐயா" என்றாள். மேற்கொண்டு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த பருவத்தில் அவள் ஏற்றிய விடைத்தாள்களில் பெயருக்கும் பதிவெண்ணுக்கும் கீழே, தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. அப்படி எழுதும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை.